கீழிருந்து ஏறும் வெளிச்சம்

மேசைமேல் மூன்று திரைகள் இருந்தன. மூன்றிலும் ஒரே பித்தளை டம்ளர், ஒரே சன்னல் விளிம்பு, ஒரே அளவு தண்ணீர். ஆனாலும் மூன்றும் வேறு வேறு வீட்டுச் சன்னல்கள் என்று பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தெரிந்துவிடும். தணிகாசலம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வந்தவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இடம் விட்டான்.

வந்தவள் பெயர் ஜெசிந்தா. தரமணிப் பக்கம் சிறிய அலுவலகம் ஒன்றில் சிலரை வைத்துக்கொண்டு வீடியோ கேம் தயாரிப்பவள். இப்போது அவள் கையில் இருப்பது ஒரு கோட்டை முற்றுகை விளையாட்டு. அதை ஓட்டிப் பார்க்கவும் வேண்டும், அதன் காட்சிகளை அதே பெட்டியில் ரெண்டர் செய்து எடுக்கவும் வேண்டும். அப்படி ஒரு கணினியைத் தன் விருப்பப்படி பூட்டித் தரச் சொல்லி, அண்ணா சாலைக்குப் பின்னாலுள்ள மின்னணுக் கடைத் தெருவில், நிஜாமுதீன் பாயின் கடைக்கு வந்திருந்தாள். அந்தக் கடையில் உறுப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பூட்டுகிறவன் தணிகாசலம். அவன் பூட்டிய பெட்டி திரும்பி வந்ததில்லை என்பது தெருவில் அவனுக்கிருந்த பெயர்.

காலையிலிருந்து மற்ற உறுப்புகள் முடிவாகியிருந்தன. அவள் கேட்டு வந்த ப்ராசஸரை அவன் மறுத்துவிட்டான். அது ஆட்டத்துக்கு ஓடும், ரெண்டருக்கு மூச்சு வாங்கும் என்றான். ராமை இரண்டு மடங்காக்கினான். கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் அவளுக்கு ஆசை. சென்னைத் தூசிக்கு வலை முகப்புதான் நல்லது என்று சொல்லி, விளக்கை மட்டும் விட்டுக்கொடுத்தான். பவர் சப்ளையில் மட்டும் அவன் இறங்கி வரவில்லை.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க மேடம். சப்ளை போச்சுன்னா தனியா போகாது, கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்."

அவள் சிரித்து ஒப்புக்கொண்டாள். மிச்சமிருந்தது படத்துக்கு வெளிச்சம் போடும் கண் அட்டை ஒன்றுதான். அதற்குத்தான் இந்த டம்ளர்கள்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் பெரிய செங்கல் மாதிரி மூன்று விசிறிகளோடு இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவள் ஜெசிந்தா. இது சீட்டுக்கட்டின் அளவுதான் இருந்தது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள பெருசா ஒண்ணும் கிடையாது மேடம்," என்றான் தணிகாசலம். "இது ஒரு வாசப்படி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் எங்கேயோ ஒருத்தர் படுத்துத் தூங்கிக்கிட்டிருக்கார். சுவரு, கோட்டை, ஆளு, எல்லாம் உங்க பெட்டி கணக்குப் போட்டு நிறுத்திடும். அதுமேல வெளிச்சம் எப்படி விழும்னு கணக்குப் போடுறதுதான் கஷ்டம். தூங்குற மனுசன் அதைச் சும்மா செஞ்சிடுறான். கனவுல எவனாவது நிழலைக் கணக்குப் போடுறானா?"

"ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்குப் போகுதுன்னு அவங்களுக்கும் தெரியாது. நெத்தியில ஒரு பட்டை கட்டிக்கிட்டுப் படுப்பாங்க. கம்பெனிக்காரன் சேர்க்கிற அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே டம்ளரைக் கொடுத்து, வெளிச்சம் போட வைப்பான். அந்த டம்ளர்தான் எங்க கைக்கு வரும். அதைப் பார்த்து எடுத்துக்க வேண்டியதுதான்."

கம்பெனியின் விளம்பரத்தில் அவர்களுக்குப் 'பார்வை நல்குநர்' என்று பெயர். தெருவில் 'தூங்குறவங்க' என்பார்கள். வேலை பகலில் நடப்பதால் பகலில் தூங்குகிறவர்களுக்கே கிராக்கி. இரவுக் காவலாளிகள், கோயம்பேட்டில் விடியுமுன் காய் இறக்குகிறவர்கள், ராத்திரி டூட்டி பார்க்கும் நர்சுகள், இப்படிப்பட்டவர்களின் உறக்கத்தில்தான் ஊரின் பாதித் திரைப்படங்களுக்குச் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா முதல் டம்ளரைக் காட்டினாள். அது நகைக்கடை விளம்பரம்போல் ஜொலித்தது. இரண்டாவதில் மழை விட்ட சாயங்காலம். தணிகாசலம் இரண்டையும் வேண்டாமென்று தலையசைத்து, மூன்றாவதை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"இதைப் பாருங்க. வெளிச்சம் மேலேருந்து விழல, கீழேருந்து ஏறுது. ஓரத்துல லேசா ஒரு நீலம் தெரியுதா? இந்த ஆளு எதையும் அழகாக் காட்டணும்னு பார்க்கல மேடம். தினம் பார்த்ததைப் பார்த்திருக்கு. டம்ளருக்குள்ள இருக்கிற தண்ணியைப் பார்த்தா நமக்கே தாகமா இருக்கு பாருங்க. இத்தனை வருசத்துல இப்படி ஒரு கண்ணு என் கைக்கு வந்ததில்ல."

கல்லாவிலிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். தணிகாசலம் ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. மனிதர்களைப் பற்றியோ, அவன் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியே கேட்டதில்லை.

மூன்றாவது டம்ளரே முடிவாயிற்று.

தணிகாசலத்தின் மனைவி குமுதவல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு வார்டு உதவியாளர். அவள் வேலை முடிந்து பெரம்பூர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவன் கடைக்குக் கிளம்புவான். அவன் திரும்பும் நேரத்தில் அவள் கிளம்புவாள். இடையில் சாயங்காலம் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அவர்களுடைய குடும்பம். அந்த ஒரு மணி நேரத்திலும் அவன் டம்ளர்களைப் பற்றியே பேசுவான். இன்று வந்த டம்ளரில் நிழல் எப்படிச் சாய்ந்தது, நேற்று வந்ததில் பித்தளை எப்படிப் பழுத்திருந்தது என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே விவரிப்பான். முகம் தெரியாத அந்த மனிதர்களின் கண்ணைப் புகழும்போது அவன் குரலே வேறாக இருக்கும். அவள் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன தீபாவளியின்போது அவள் ஒன்று கேட்டாள். தன்னைப் போன்ற ஒருத்தி டம்ளர் போட்டால் அது எப்படியிருக்கும் என்று. பெரிய யோசனையோடு கேட்டதுபோல் இல்லை, முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நீயா?" என்றான் தணிகாசலம். "நீ போட்டா அதுல காபிக் கறைதான் தெரியும்."

அவளும் சிரித்துவிட்டாள். அவன் அதை அப்போதே மறந்தும் போனான்.

தை பிறந்த பிறகு அவள் பகலில் நெற்றியில் கறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். பகல் வெளிச்சத்துக்கு என்றாள் அவள். ராத்திரி டூட்டிக்காரர்கள் பலர் கண்ணுக்குத் துணி கட்டுவது வழக்கம்தான். அட்டையின் இந்தப் பக்கத்தை மட்டுமே அறிந்தவன் அவன், பட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லை. அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

மூன்றாவது டம்ளர் முடிவான அன்று, பூட்டும் வேலையில் அவன் வீடு திரும்ப இரவாகி, குமுதவல்லி டூட்டிக்குப் போய்விட்டிருந்தாள். மறுநாள் காலை கணினி பூட்டி முடிந்தது. இனி பாக்கி 'சூடு காட்டுதல்'.

சூடு காட்டாத பெட்டி பாயின் கடையை விட்டு வெளியேறாது. ஒரு முழுப் பகல், இருக்கிற பலத்தையெல்லாம் வாங்கி ஓட விட வேண்டும். பலவீனமான உறுப்பு கடையிலேயே போய்விடும், வாடிக்கையாளர் வீட்டில் போகாது. வெறும் சிலிக்கான் காலத்து வழக்கம் இது. சூடு ஏறினால் உறுப்பு தானே அணைந்துகொள்ளும், அப்படி அணையாமலிருக்க ஒரு கம்பியால் இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கண் அட்டை வந்தபோது தெருக்காரர்கள் அதற்கும் அதையே செய்தார்கள். தூங்குகிறவர் விழிக்கும்போது அட்டை அவரை விட்டுவிட வேண்டும், அதற்கென்று அதில் ஒரு முனை உண்டு. சோதனை நடுவில் நின்றுபோகாமலிருக்க, அந்த முனையில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். கிளிப் இருக்கும்வரை அந்தப் பக்கத்தில் இருப்பவர் விழிக்க மாட்டார். இது கம்பெனிக்கும் தெரியும். கெட்டுப்போன அட்டையைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தந்துவிடுவார்கள். கேட்டால் பதிலைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்குமே.

ஒரு காட்டில் இப்படித்தான் நடந்தது. குருவிகள் கூடு கட்டக் கிளை தேடின. எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்று சோதித்துத் தருமாறு யானையைக் கேட்டுக்கொண்டன. யானை நேர்மையான யானை. ஒவ்வொரு கிளையையும் தும்பிக்கையால் பற்றி உலுக்கியது. முறிந்ததைத் தள்ளியது. முறியாததை, இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டி, மேலும் பலமாக உலுக்கியது. மழைக்காலம் வந்தபோது யானையின் நேர்மையைப் பற்றி ஒரு குருவிக்கும் சந்தேகம் இருக்கவில்லை. காட்டில் கிளைதான் இருக்கவில்லை.

தணிகாசலம் கிளிப்பை மாட்டினான்.

ஜெசிந்தா தன் கோட்டையை ஏற்றினாள். சாம்பல் நிறச் சுவர்களாக நின்ற கோட்டையின்மேல் வெளிச்சம் மெல்லப் பரவியது. அகழியின் தண்ணீரிலிருந்து எழுந்து கற்களில் ஏறி, காவல் நிற்கும் வீரனின் மோவாய்க்குக் கீழே தொட்டு நின்றது. அந்த வீரனுக்கு அவள் எழுதி வைத்த கதை எதுவும் இல்லை. ஆனால் இப்போது அவனைப் பார்த்தால், வீட்டில் யாரோ அவனுக்காகக் காத்திருப்பதாகத் தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இன்னும் ஏற்ற முடியுமா என்று கேட்டாள். படையெடுப்புக் காட்சியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள்.

தணிகாசலம் ஏற்றினான். நல்ல அட்டை எவ்வளவு தாங்கும் என்று அறிவதில் அவனுக்கும் ஆசை இருந்தது.

உச்சிப்பொழுதுக்குப் பின் அட்டையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"அது என்ன லைட்டு?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்ல மேடம். முழிக்கப் பார்க்கிறாங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"என்ன ஆகப்போகுது, கூடக் கொஞ்ச நேரம் தூங்குவாங்க. நமக்கெல்லாம் அப்படி யாராவது கிளிப் மாட்டினா நல்லாத்தான் இருக்கும்."

அவள் பாதி மனதோடு சிரித்தாள். அந்த மாதக் கடைசிக்குள் அவள் காட்சிகளைக் கொடுத்தாக வேண்டும். விளக்கு வேகமாக மினுங்கியது. கண்ணை உறுத்துகிறது என்று அவன் மேசை இழுப்பறையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து, விளக்கின்மேல் ஒட்டினான். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தியும் விட்டான்.

சாயங்காலம் வாக்கில் படம் கெடத் தொடங்கியது. முதலில் அகழியின் பளபளப்புப் போயிற்று. பிறகு நிழல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வீரனின் முகத்தில் மேடும் பள்ளமும் மறைந்து, காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆனான். கடைசியில் சுவரும் தண்ணீரும் ஆளும் ஒரே சாம்பல் நிறத்தில், யாரும் பார்க்காத உலகம்போல நின்றன. தணிகாசலம் கணினியை அணைத்து மறுபடி ஏற்றினான். அதே சாம்பல்.

பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "கார்டு செத்துப்போச்சு. மாத்தி விடு," என்றார்.

தணிகாசலத்துக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல கண் இவ்வளவு பலவீனமாகவா இருக்கும் என்று அலுத்துக்கொண்டான். கிளிப்பைக் கழற்றி, அட்டையைத் திருப்பி அனுப்பும் உறையில் போட்டு மூடினான். மழைச் சாயங்கால டம்ளரை நாளைக்குப் பூட்டிச் சூடு காட்டுவதாக ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருக்கவில்லை. குமுதவல்லி டூட்டிக்குக் கிளம்பாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் அந்தக் கறுப்புப் பட்டை கிடந்தது. அவன் ஸ்விட்சைப் போட்டதும் அவள் திரும்பினாள். அவன் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் அவள் பார்வை அவன்மேல் அங்குமிங்கும் அலைந்தது.

"லைட்டுப் போட்டீங்களா?" என்றாள்.

மருத்துவமனையில், அவள் வேலை பார்க்கும் அதே இடத்தில், ஓர் இளம் டாக்டரம்மா அவளை நீண்ட நேரம் பரிசோதித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். எதிரே இருப்பது நாற்காலி, இது கை, இது கதவு என்று அவள் சரியாகச் சொன்னாள். ஆனால் வெளிச்சம் என்ற ஒன்று அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. எல்லாம் சிலேட்டில் கோடு போட்டதுபோல் தெரிகிறது, ஆழமில்லை, முகங்களை அடையாளம் பிடிக்க முடியவில்லை என்றாள். நெற்றியில் ஏதாவது கட்டிக்கொண்டு தூங்கினீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். குமுதவல்லி கணவன் இருந்த பக்கம் திரும்பாமல், ஆமாம் என்றாள். இதுபோல் இந்த வருடம் பலர் வந்துவிட்டார்கள் என்றும், வந்தவர்களில் திரும்பப் பெற்றவர்கள் இல்லை என்றும் டாக்டரம்மா அவனைத் தனியே அழைத்துச் சொன்னார்.

தணிகாசலம் சுவரில் கைவைத்து நின்றான். ஊரில் ஆயிரம் பேர் பகலில் தூங்குகிறார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். தெருவில் எத்தனையோ கடை, கடைக்குக் கடை கிளிப் உண்டு. எவனோ ஒருவன் செய்த வேலை. அந்த எவனோ ஒருவனை வீடு போய்ச் சேரும்வரை மனதார வைதான்.

அடுத்த நாள் அவன் கடைக்குப் போகவில்லை. கல்யாணமானதிலிருந்து வேலை நாள் ஒன்றின் நண்பகலில் அவன் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மதியம் படுத்துத் தூங்கியவன்தான். அவள் தண்ணீர் கேட்டாள். சமையலறைக்குப் போனான்.

சமையலறைச் சன்னலுக்குக் கீழே பக்கத்து வீட்டின் தகரக் கூரை, அதன் ஓரத்தில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி. உச்சி வெயில் தகரத்தில் பட்டு, மேல்நோக்கித் திரும்பி, சன்னல் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பில் அவள் எப்போதும் தண்ணீர் குடிக்கும் பித்தளை டம்ளர். வெளிச்சம் அதன் அடியிலிருந்து மேலே ஏறியிருந்தது. ஓரத்தில் லேசாக ஒரு நீலம்.

அவன் அந்த டம்ளரை எடுக்கவில்லை. எடுக்கக் கை நீளவில்லை. கட்டைவிரலில் டேப்பின் பிசுபிசுப்பு இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது. அதை வேட்டியில் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாய்தான். வீட்டில் எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு, இங்கே ஒன்றும் கவலையில்லை என்றார். மழைச் சாயங்கால அட்டையைத் தானே பூட்டி, காலையிலிருந்து சூடு காட்டிக்கொண்டிருக்கிறாராம். நன்றாக ஓடுகிறதாம்.

"கிளிப்பை எடுத்துடுங்க பாய்," என்றான் தணிகாசலம். குரல் தாழ்ந்திருந்தது. சுவருக்கு அப்பால் கட்டிலில் அவள் இருந்தாள், அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"ஏன்ப்பா? எடுத்தா அது டெஸ்டா?"

ஏன் என்று சொல்லும் வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. சொன்னால் சுவருக்கு அப்பாலும் கேட்கும்.

"எடுத்துடுங்க. நான் வந்து சொல்றேன்."

"நீ வா, பொறுமையா வா. மேடம் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காங்க. அந்த முதல் கார்டு மாதிரி இன்னொண்ணு கிடைக்குமான்னு கேக்குறாங்க," என்று சொல்லி பாய் போனை வைத்தார்.

வேறு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் வந்த சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

"திட்டுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள். "காசுக்காக ஒண்ணும் இல்லைங்க. ஊர்ல இருக்கிறவங்க டம்ளரையெல்லாம் அப்படிச் சொல்லுவீங்களே. நம்ம டம்ளரும் ஒரு நாள் உங்க கைக்கு வரட்டும், என்னுதுன்னு தெரியாமலே நீங்க எடுக்கிறீங்களா பார்ப்போம்னு நினைச்சேன். எடுத்துட்டு வந்து சாயங்காலம் என்கிட்டயே சொல்லுவீங்க. அப்ப சிரிக்கலாம்னு இருந்தேன்."

அவன் கையிலிருந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டான்.

"வந்துச்சாங்க? வந்திருந்தா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம சமையக்கட்டு வெளிச்சம்தான், கீழேருந்து வரும்."

வந்தது என்று சொல்லலாம். மூன்றில் அதைத்தான் எடுத்தேன், இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன் என்று சொல்லலாம். அவள் ஆயுளெல்லாம் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அடுத்த கேள்வியை அவள் கேட்பாள். எடுத்தீர்களே, எடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்பாள்.

"இல்ல குமுதா," என்றான். "என் கைக்கு வரல."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வராம இருக்காது. நூத்துக்கணக்குல பார்க்கிறீங்க, கண்ணுல படாமப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு, அவனைத் தேற்றுவதுபோல் சிரித்தாள். "நீங்கதான் அப்பவே சொன்னீங்களே. காபிக் கறைதான் தெரிஞ்சிருக்கும்."

கையை நீட்டினாள். அவன் டம்ளரை அவள் விரல்களுக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டான். அவள் அதைச் சன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தாள்.

"தண்ணி இருக்காங்க இதுல?"

"நிறைய இருக்கு," என்றான் தணிகாசலம்.